அண்ணியின் மாத்திரை டப்பா

எங்கள் அண்ணியை அவர் குடியிருக்கும் கட்டடத்தில் இருக்கிற பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் ‘டப்பா டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள். யாருக்குத் தொண்டை கட்டினாலும், பல் வீங்கினாலும், கால் புண் சீழ் வைத்தாலும் முதலில் தட்டுவது இரண்டாம் மாடியில் அண்ணியின் கதவைத்தான். அண்ணி சலவைக் கடையில் துணி தேய்க்கிறவர். நாள் முழுக்க நின்றபடி தேய்த்துவிட்டு வந்த அலுப்பிலும் முகம் சுளிக்காமல் நாற்காலி மேல் ஏறி, அலமாரித் தலையிலிருந்து நீல பிஸ்கட் டப்பாவை இறக்குவார்.

அதற்குள் பாதி தின்ற மாத்திரை அட்டைகள் இருக்கும். ரப்பர் பேண்ட் போட்டு, துண்டுச் சீட்டில் ‘தொண்டை’, ‘பல்’, ‘புண்’ என்று அண்ணியே எழுதி வைத்திருப்பார். அட்டையில் இங்கிலீஷில் அச்சடித்திருக்கும் பெயரை வாசிக்க அண்ணிக்கும் வராது, எனக்கும் வராது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதனால் நிறம்தான் பெயர். பாதி சிவப்பு, நீள வெள்ளை, குட்டி மஞ்சள்.

டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுப்பார். மூன்றாம் நாள் ஜுரம் இறங்கிவிடும். மிச்சம் டப்பாவுக்குப் போகும். “ஜுரம் விட்டா மாத்திரையையும் விட்டுடணும். மிச்சத்தை சும்மா எதுக்கு உடம்புல ஏத்தணும்? நாளைக்கு இன்னொருத்தருக்கு ஆகும்ல” என்பது அண்ணியின் சட்டம். மற்ற வீட்டுக்காரர்களும் தங்கள் மிச்சத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

அண்ணி இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. அவர் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காது வலியில் துடித்திருக்கிறாள். அந்த இரண்டு நாளும் ஊரில் கடையடைப்பு. ஒரு மருந்துக் கடையும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காதிலிருந்து சீழ் வழிந்தது. அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கும் இடது காது கேட்காது. கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். போன் பேசும்போது வலது காதில்தான் வைத்துக்கொள்வாள். அன்றிலிருந்து அண்ணி வீட்டில் மருந்து இல்லாத நாள் கிடையாது.

என் அண்ணன் பஸ் டிரைவர். “நம்ம வீட்டு சர்ஜன்” என்று அண்ணியைக் கிண்டல் செய்வார். ஆனால் அண்ணி உள்ளங்கையை நீட்டினால் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட மாட்டார். அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். இருபத்தாறு வருஷப் பழக்கம்.

போன வருஷம் பஸ் ஷெட்டில் ஒரு துருப்பிடித்த கம்பி அண்ணனின் வலது காலில், சுண்டுவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. அண்ணனுக்குச் சர்க்கரை வேறு. அண்ணி டப்பாவைத் திறந்தார். நீள வெள்ளை நான்கு. வீக்கம் வடிந்தது, மாத்திரை நின்றது. ஒரு வாரத்தில் வீக்கம் திரும்ப வந்தது. குட்டி மஞ்சள் மூன்று. வடிந்தது, நிறுத்தினார். மறுபடியும் வந்தபோது பாதம் பளபளவென்று வீங்கியிருந்தது. கிட்டே போனாலே நாற்றம். பாதி சிவப்பைத் தொடங்கிய மறுநாள் அண்ணன் குளிரில் பல் கிடுகிடுக்கப் பிதற்ற ஆரம்பித்தார். நானும் அண்ணியும் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நர்ஸம்மா கையில் ஒரு தாளோடு வந்து கேட்டார். “வெளியில ஏதாவது மாத்திரை கொடுத்தீங்களா? ஆன்டிபயாடிக் ஏதாவது?”

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். பிறகு, “இல்லைங்க. சும்மா மஞ்சள் களிம்பு மட்டும்தான்” என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. டாக்டர் திட்டுவாரே என்று பயந்து சொன்ன பொய், ஒரு நாளில் மறந்து போகும் என்றுதான் நினைத்தேன்.

ஊசி போடுவதற்கு முன்னால் சீழ் எடுத்து கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினார்கள். சீழில் இருக்கும் கிருமியை ஒரு தட்டில் வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று கண்டுபிடிப்பார்களாம். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை பொதுவான ஊசி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஜுரம் இறங்கவில்லை.

இரண்டாம் நாள் அண்ணி என் காதருகே குனிந்து, “இந்த ஊசி வேலை செய்யல. வீட்டுல டப்பாவுல பாதி சிவப்பு மிச்சம் இருக்கு. நீ போய் எடுத்துட்டு வா” என்றார். அதை எடுத்து வந்தவள் நான்தான். வாசலில் பையைச் சோதிப்பார்கள் என்று பிரார்த்தனைப் புத்தகத்தின் உறைக்குள் செருகிக்கொண்டு போனேன். அந்தப் புத்தகத்தில் நான் வேறெதையும் வைத்ததில்லை. கடவுள் அதற்கு என்னை என்ன செய்யப் போகிறாரோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

காலையும் மாலையும் ஆஸ்பத்திரி மாத்திரையோடு சேர்த்து அண்ணியின் உள்ளங்கையில் ஒரு பாதி சிவப்பும் இருக்கும். அண்ணன் பார்க்காமல் விழுங்குவார்.

அந்த வார்டுக்கு ஒரு பெண் வந்து போய்க்கொண்டிருந்தாள். செய்தி நிருபர். பஞ்சு உறை போட்ட மைக் ஒன்றைக் கையில் வைத்திருப்பாள். அது பூனைவால் மாதிரி இருக்கும். போனில் கேட்கிற பாட்காஸ்ட் நிகழ்ச்சி செய்கிறாளாம். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி, அவற்றால் படுக்கையில் கிடக்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் சொல்கிற கதைகள். ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கியிருந்தாள். வார்டில் எல்லோரும் அவளுக்கு ‘மைக்கு’ என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

“இந்தா மைக்கு, என் பல்லு விழுந்த கதையை எடுத்துக்கோ” என்று அடுத்த கட்டில் பெரியவர் வம்பிழுப்பார்.

“பல்லு ஆன்டிபயாடிக் சாப்ட்டுச்சாங்க?” என்பாள்.

“அது சாப்பிடல. அதான் விழுந்துடுச்சு!”

அவள் யாரிடமும் முதலில் மைக்கை நீட்ட மாட்டாள். உட்கார்ந்து பேசுவாள். “நீங்க சரின்னு சொன்னாதான் வெளியே போகும். வேணாம்னா அழிச்சிடுவேன்” என்று ஒவ்வொருவரிடமும் சொல்வாள். அண்ணி அவளைக் கண்டாலே ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போய்விடுவார்.

நான்காம் நாள் காலையில் அறுவை டாக்டர் வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ரிப்போர்ட்டைப் பார்த்தார். “தட்டுல ஒண்ணுமே வளரல. ஆனா ஜுரம் நூத்திமூணு. எந்த மருந்துன்னு தெரியாம அடிச்சுக்கிட்டே இருக்க முடியாது. புண்ணோட சிவப்பு கணுக்கால் வரைக்கும் வந்துடுச்சு.” பிறகு அண்ணியிடம் திரும்பி, “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. வெளி மருந்து எதுவும் போகலையே?” என்றார்.

“இல்லைங்க.”

“அப்படின்னா நாளைக்குக் காலையில பாதத்தை எடுத்துடணும். உயிரைக் காப்பாத்த வேற வழி தெரியல. சாயங்காலம் நாலு மணிக்குள்ள கையெழுத்து வேணும்.”

அண்ணன் விழித்துக்கொண்டுதான் இருந்தார். டாக்டர் போனதும் வலது காலைக் கட்டில் முனைக் கம்பியில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். பிரேக் பிடிக்கிற மாதிரி.

“இது இல்லன்னா வண்டி எப்படி நிக்கும்?” என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அண்ணி கம்பியைத் துடைப்பது போல் குனிந்துகொண்டார்.

நான் வராந்தா மூலையில் போய் நின்று பிரார்த்தனை செய்தேன். எனக்கு நீளமாகக் கேட்கத் தெரியாது. ‘கடவுளே, அந்தக் கால்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தபோது மைக்கு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அண்ணி வெந்நீரோடு வந்தவர், என்ன நினைத்தாரோ, அன்றைக்கு ஒதுங்கிப் போகவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“அப்படி என்னம்மா பேசுறாங்க அதுல? கேக்கலாமா?”

அவள் ஹெட்போனை எடுத்து அண்ணியின் காதில் வைத்தாள். கொஞ்சம் வெளியேயும் கேட்டது. ஒரு வாட்ச்மேன் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரிக்கு நெஞ்சுச் சளி வந்ததையும், பாதி மருந்தோடு நிறுத்தி மீதியைத் தனக்கென்று எடுத்து வைத்ததையும் நிதானமாகச் சொன்னார். “மிச்சம் பிடிச்சேன். நல்லதுதானே பண்றேன்னு நெனச்சேன். டாக்டர் கேட்டப்போ மட்டும் சொல்லல” என்றது அந்தக் குரல்.

அண்ணி ஹெட்போனைக் கழற்றினார். “அந்தம்மா இப்போ எப்படி இருக்காங்க?”

மைக்கு பெண் தலையை ஆட்டினாள். “இல்லக்கா.”

ஃபிளாஸ்க் மூடியை அண்ணி திருகிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ இறுகிவிட்டது. பிறகு, “அதை ஆன் பண்ணு” என்றார்.

“எதுக்குக்கா?”

“பண்ணு, சொல்றேன்.”

சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணி அந்தப் பூனைவாலைப் பார்த்தே பேசினார். நீள வெள்ளை, குட்டி மஞ்சள், பாதி சிவப்பு. எந்த நாள், எத்தனை, எப்போது நிறுத்தினார். ஒன்றையும் விடவில்லை. மகளின் காதையும் சொன்னார். நர்ஸம்மாவிடமும் டாக்டரிடமும் இல்லை என்று சொன்னதையும் சொன்னார். கடைசியில், “இன்னிக்குக் காலையிலகூட கொடுத்தேன்” என்றார்.

மைக்கு பெண் முகம் வெளுத்துவிட்டது. விளக்கை அணைத்தாள்.

“அக்கா, சீழ் எடுக்கறதுக்கு முன்னாடியே அந்த மாத்திரை உள்ள போயிருக்கா?”

“அதுக்கு முன்னாடி நாளும் போச்சு. அன்னிக்கும் போச்சு.”

“அதனாலகூட தட்டுல ஒண்ணும் வளராம இருந்திருக்கலாம்க்கா. கிருமி சாகாம அமுங்கிக் கிடந்திருக்கலாம். நான் டாக்டர் இல்ல. ஆனா இது அவருக்குத் தெரியணும்.”

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அழிச்சிடு. நீதானே சொன்னே, வேணாம்னா அழிச்சிடுவேன்னு. அழி. அவர் காலை நானே வெட்டுனேன்னு ஆயிடும்மா. அந்த வீட்டுல நான் எப்படி இருப்பேன்?”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்றேகால் ஆகியிருந்தது. பிறகு பேச்சு பதிவாகிற கருவியை அண்ணியின் மடியில் வைத்தாள்.

“இந்த பட்டன். ரெண்டு தடவை அழுத்துனா போயிடும். உங்களுக்குக் கொடுத்த வாக்கை நான் மீற மாட்டேன். ஆனா நாலு மணிக்கு நீங்க கையெழுத்துப் போடுறப்ப இங்க நிக்க என்னால முடியாதுக்கா.” எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணியின் விரல் பட்டன் மேல் இருந்தது. நான் கிட்டே போய் உட்கார்ந்தேன்.

“அண்ணி, நானும் வர்றேன். டப்பாவுலேருந்து எடுத்துட்டு வந்தது என் கைதான். ரெண்டு பேரும் திட்டு வாங்கிக்குவோம்.”

“உங்க அண்ணன்?”

“அண்ணன்கிட்டயும் சேர்ந்தே வாங்கிக்குவோம்.”

மூன்று இருபத்தைந்து. மூன்றரை. அண்ணி விரலை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. என் வாய்க்குள் அந்த மூன்று வார்த்தை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாற்பதுக்கு அண்ணி எழுந்தார். செருப்பைக்கூடப் போடவில்லை.

டாக்டர் அறைக்குள் அண்ணி எனக்கு முன்னால் நுழைந்தார். “சார்... சார்...” என்றாரே தவிர வேறு வார்த்தை வரவில்லை. கையெழுத்துப் போட வந்திருக்கிறோம் என்று நினைத்து டாக்டர் பேனாவை நீட்டினார். அண்ணி பேனாவை வாங்கவில்லை. கருவியை மேஜை மேல் வைத்து, “இதுல இருக்குங்க” என்றார்.

பின்னாலேயே வந்த மைக்கு பெண், “போடட்டுமாக்கா?” என்று கேட்டாள். அண்ணி தலையசைத்த பிறகுதான் தொட்டாள்.

அண்ணியின் குரல் அந்த அறையில் கேட்டது. நீள வெள்ளை நான்கு. குட்டி மஞ்சள் மூன்று. தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு அண்ணி சுவரோடு ஒட்டி நின்றார். டாக்டர் ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொண்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அந்த மாத்திரை இருக்கா?”

அண்ணி கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். இரண்டு மிச்சம் இருந்தன. டாக்டர் அட்டையின் பின்பக்கத்தை வாசித்தார்.

“திட்டுங்க சார்.”

“திட்டறதுக்கு நேரமில்லம்மா. திட்டு எங்கயும் போகாது, அப்புறம் வாங்கிக்கலாம்.” அவர் போனை எடுத்துவிட்டார். பிறகு எங்களிடம் மெதுவாகச் சொன்னார். நாளைக்குப் பாதத்தை எடுக்கவில்லை. திறந்து, செத்த சதையைச் சுத்தம் செய்து, எலும்புக்குப் பக்கத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து மறுபடியும் வளர்க்கப் போகிறார்கள். இந்த மாத்திரை இப்போதே நிற்க வேண்டும். ஊசியும் மாறும். “ரெண்டு நாள் பாப்பேன். நடுவுல அவர் நிலைமை மோசமானா காத்திருக்க மாட்டேன். அதுக்கும் சேர்த்து இப்பவே கையெழுத்துப் போடுங்க.”

அண்ணி போட்டார். கோணல் மாணலாக வந்தது.

அண்ணனிடம் சொன்னது அதைவிடக் கஷ்டம். அண்ணி கட்டிலருகே நின்று நேராகச் சொல்லிவிட்டார். அண்ணன் அவர் கையையே பார்த்தார்.

“இத்தனை வருஷமா பாக்காமயே முழுங்கினேன்” என்றார்.

“என்னங்க...”

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த இரண்டு நாளை எப்படித் தள்ளினோம் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. சுத்தம் செய்தபோது சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் போய்விட்டன. அண்ணன் அண்ணி கையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூட வாங்கவில்லை. நான் கொடுத்தால் வாங்குவார். அதுவும் டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு. நான்தான் எடுத்து வந்தேன் என்று சொன்னதற்கு, “உனக்கும் இருக்கு” என்றார். அண்ணி கட்டிலின் கால்மாட்டில் நின்றே இருந்தார். ஜுரம் பார்க்கிற கருவியை நர்ஸம்மா எடுக்கும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் கழுத்தை நீட்டிப் பார்ப்போம். நூற்றிமூன்று. நூற்றிரண்டரை. மறுபடி நூற்றிமூன்று.

மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டுக்கு ரிப்போர்ட் வந்தது. இந்தத் தடவை தட்டில் வளர்ந்திருந்தது. நர்ஸம்மா தாளை எங்களுக்குக் காட்டினார். மேலிருந்து கீழே பதினான்கு மருந்துப் பெயர். ‘இந்த எழுத்து இருந்தா கிருமி அந்த மருந்துக்கு அடங்காதுன்னு அர்த்தம்’ என்று விரல் வைத்தார். அந்த ஒரு எழுத்து எனக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. விரல் இறங்க இறங்க அதே எழுத்து. அதே எழுத்து. பாதி சிவப்புக்கும் அதே எழுத்துதான்; இத்தனை நாளில் கிருமி அதற்கும் பழகிவிட்டதாம். பதினொன்று வரைக்கும் வேறு எழுத்தே இல்லை.

பன்னிரண்டாவதில் வேறு எழுத்து இருந்தது.

“இது கேக்கும்” என்றார் நர்ஸம்மா. அண்ணி அந்தத் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். “ஐயோ, அது ஃபைல்ல போகணும்மா” என்று அவர் பிடுங்கிக்கொண்டார். அழுகையோடு நான் சிரித்துவிட்டேன். அன்று மாலையே மருந்து மாறியது. அதற்கு மறுநாள் நூறு. அடுத்த நாள் ஜுரமே இல்லை.

ஜுரம் விட்டதும் அண்ணன், “போதும்ல? நிறுத்திடலாம்ல?” என்று நர்ஸம்மாவைக் கேட்டார். அண்ணியிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. “டாக்டர் சொல்ற வரைக்கும் ஏறும்! வாயை மூடிக்கிட்டுப் படுங்க!” வார்டே திரும்பிப் பார்த்தது. அடுத்த கட்டில் பெரியவர், “மைக்கு, இதை எடுத்தியா?” என்றார்.

வீட்டுக்குப் போகிற அன்று அந்தப் பெண் வந்தாள். கருவியில் அண்ணியின் பேச்சு இன்னும் அழியாமல் இருந்தது. என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

அண்ணி யோசித்தார். “அந்த வாட்ச்மேன் சொன்னதாலதானே நான் சொன்னேன்? போடு. பேர் மட்டும் வேணாம். ஒரு டிரைவர் வீட்டுக்காரின்னு போட்டுக்கோ.”

பேர் போடாமல் இருந்தால் மட்டும் கட்டடத்துக்காரர்களுக்குக் குரல் தெரியாதா? ஒரே நாளில் பன்னிரண்டு வீட்டுப் போனிலும் அது ஓடியது. கீழ்வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“எம் பையன் தொண்டைக்கும் இதைத்தானே கொடுத்தே? உன் ஊட்டுக்காரருக்கு மட்டும்தான் உயிரா?”

அண்ணி உள்ளே போனார். நீல டப்பாவை எடுத்து வந்து அவள் எதிரிலேயே திறந்தார். காலி. எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவில் ஒப்படைத்துவிட்டிருந்தார். “கொடுத்தேன். தப்புதான். பையனுக்கு மறுபடி வந்தா சொல்லு, நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். என்னென்ன கொடுத்தேன்னு நானே சொல்றேன்” என்றார். கீழ்வீட்டுக்காரி முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். இன்னும் அண்ணியோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் போன மாதம் அந்தப் பையனுக்கு ஜுரம் வந்தபோது அண்ணிதான் கூடப் போனார்.

அண்ணனும் மாதக் கணக்கில் அண்ணியிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினார். மாத்திரையை அவரே அட்டையிலிருந்து பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்வார். புண் ஆறிய பிறகு, காலுக்குப் பலம் வர தினமும் எதையாவது அழுத்திப் பழக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அண்ணன் சுவரில் அழுத்திப் பார்த்தார். வழுக்கியது. நாற்காலிக் காலில் அழுத்தினார். நாற்காலி நகர்ந்து போனது.

ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது அண்ணி வேலையிலிருந்து வந்து, கை கழுவிவிட்டு அண்ணனின் காலடியில் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினார். அண்ணன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூன்று விரல் மட்டும் இருக்கிற வலது பாதத்தைத் தூக்கி அதில் வைத்தார்.

“அழுத்துங்க.”

அழுத்தினார். அண்ணியின் கை பின்னால் போயிற்று.

“சரியா பிடிச்சுக்கோ. இப்படி வழுக்குனா வண்டி எங்க நிக்கும்?”

“பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். நீங்க அழுத்துங்க.”

அண்ணன் மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை கை நகரவில்லை.